சத்தம் வராத மானிட்டரும் பத்திரிகை வைக்காத வீடும்

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் மதியம் என் மானிட்டர் வாயை மூடிக்கொண்டது. படம் பளிச்சென்று தெரிந்தது. சத்தம் மட்டும் துளிகூட வரவில்லை. மேசைமேல் தனியாக ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. மானிட்டருக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கிறது, இடத்தை அடைக்காது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வாங்கியது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீடு சிறியது. இடத்தை அடைக்காத பொருள் எதுவானாலும் என் மனைவிக்குப் பிடிக்கும். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது.

நான் தமிழாசிரியராக இருந்தவன். இப்போது வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு, ஐந்தாம் படிவ மாணவர்களுக்குக் கணினி வழியாக வகுப்பு எடுக்கிறேன். செமினியில் இரண்டு பேர், சுங்கை பூலோவில் நான்கு பேர், மற்றவர்கள் வேறெங்கோ என்று பதினோரு பேரும் ஆளுக்கொரு திசையில் உட்கார்ந்திருப்பார்கள். கேமராவிலேயே மைக் இருப்பதால் நான் பேசுவது அவர்களுக்குக் கேட்டுவிடும். அவர்கள் பேசுவதுதான் எனக்குக் கேட்காது. இதை மனைவியிடம் சொன்னேன்.

"அது ஒண்ணும் புதுசு இல்லையே. முப்பது வருஷமா அப்படித்தானே பாடம் நடத்துனீங்க," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மானிட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். கணினியில் சத்தத்தைக் கூட்டும் கோட்டை நூறு வரைக்கும் இழுத்து விட்டேன். சோதித்துப் பார்க்க இணையத்தில் ஒரு கல்யாண நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். வித்வானின் கன்னம் உப்பியது, தவில்காரர் தலையை ஆட்டி ஆட்டி அடித்தார். ஆனால் வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்டது.

"தம்பியைக் கூப்பிடவா?" என்றாள் மனைவி.

"வேணாம்."

அந்த 'வேணாம்' எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். எனக்கு ஒரே தம்பி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். கிள்ளானில், லிட்டில் இந்தியா பக்கம், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஆறு வருடமாக நாங்கள் இருவரும் பேசுவதில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவன் கிள்ளானிலேயே புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினான். எங்கள் குடும்பத்தில் நெருங்கிய சொந்தம் என்றால், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் வைத்து, அதன்மேல் பத்திரிகையை வைத்து, கணவன் மனைவி இருவருமாக நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும். அவன் எனக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பினான். கூடவே கைகூப்பும் பொம்மை இரண்டு. கூடப் பிறந்த அண்ணனுக்கு!

அன்றைக்கே குடும்பத்தார் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், அத்தைமார் மாமன்மார் பார்க்க, நீளமாக ஒன்று எழுதினேன். நல்ல தமிழில், ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன். விழாவுக்குப் போகவில்லை. அவன் பதில் எழுதாமல் குழுவை விட்டு விலகிக்கொண்டான். அதற்குப் பிறகு என் மனைவி மட்டும் இரண்டு பக்கமும் பேசுவாள். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும், அங்கிருந்து அதிரசம் வரும். ஆட்கள் போவதில்லை, வருவதில்லை.

இப்போது என் மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம். பத்திரிகைகள் பெரும்பாலும் கொடுத்தாகிவிட்டது. தம்பி பெயர் எழுதிய ஒன்று மட்டும் மூன்று வாரமாக மேசைமேல் கிடந்தது. சிறு வயதில் அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவன், சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் அவன்தான். "சித்தப்பா வராம நான் மணவறையில உட்கார மாட்டேன்பா," என்று அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். நான் போய்ப் பத்திரிகை வைத்தால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். போகாவிட்டால் மகள் மனசு உடைந்துபோகும். நான் தினமும் "ஞாயித்துக்கிழமை போலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று ஞாயிறு வந்து போய்விட்டது.

மனைவி என் 'வேணாம்' என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கொழுந்தனுக்கு அழைத்தே விட்டாள். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, இங்க மானிட்டர்ல சத்தமே வரல. நாலு மணிக்கு இவருக்கு கிளாஸ் இருக்கு."

மறுமுனையில், கடையில் யாரோ மலாயில் விலை விசாரிப்பது கேட்டது.

"முதல்ல ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க அண்ணி, அவரை."

ஆறு வருடம் கழித்து அவன் குரலைக் கேட்கிறேன். குரல் தடித்துவிட்டது. அப்படியே எங்கள் அப்பாவின் குரல். ஆனால் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்துக்கொண்டேன்.

"பண்ணியாச்சுன்னு சொல்லு," என்றேன் மனைவியிடம்.

"பண்ணிட்டாராம் தம்பி."

"எப்போ பண்ணாரு?"

"இப்பத்தான்னு சொல்லு."

"இப்பத்தானாம்."

"அண்ணி, அந்தக் கம்ப்யூட்டர் நான் போட்டுக் குடுத்தது லா. எட்டு வருஷம் ஆச்சு. அது ரீஸ்டார்ட் ஆகி வர்றதுக்குள்ள ஒரு காப்பி கலக்கிக் குடிச்சு முடிச்சிரலாம். அவரு பண்ணல."

நான் பண்ணவில்லைதான். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வேறு வழியில்லாமல் ரீஸ்டார்ட் பண்ணினேன். அது எழுந்து வருவதற்குள் அவள் கிள்ளான் வீட்டுச் செய்தி அத்தனையும் கேட்டு முடித்துவிட்டாள். நான் அக்கறையில்லாதவன்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கணினி எழுந்தது. சத்தம் எழவில்லை.

"அடுத்தது கேபிள் அண்ணி. மானிட்டருக்குப் போற கேபிள் தட்டையா இருக்கா, இல்ல ரெண்டு பக்கமும் திருகாணி வெச்சு நீலமா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. நீலத்துல படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது."

"தட்டைதான்னு சொல்லு."

"தட்டையாம் தம்பி."

"சரி. கீழ ஸ்பீக்கர் படத்தைத் தட்டுனா, சத்தம் எதுக்குப் போகுதுன்னு பேரு காட்டும். யாரு பேரு இருக்குன்னு கேளுங்க."

"மானிட்டர் பேருதான் இருக்குன்னு சொல்லு."

"மானிட்டர் பேருதா—" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "இங்க பாருங்க, ரெண்டு பேருக்கும் காது இருக்கு, வாயும் இருக்கு. நான் என்ன போஸ்ட் ஆபீஸா? மெஷின்ல துணி கிடக்கு, நான் போய்க் காயப்போடணும்." பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டாள். கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

நான் கைப்பேசியைப் பார்த்தேன். வைத்துவிடலாமா என்று ஒரு யோசனை. மணி இரண்டரை. அவனும் வைக்கவில்லை. அவன் கடையில் மின்விசிறி ஓடுவதுகூடக் கேட்டது.

"சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தா ஒரு கோடு தெரியும்," என்றான் கடைசியில், யாருக்கோ சொல்வதுபோல.

"தெரியுது," என்றேன் சுவரைப் பார்த்து.

"பாட்டு ஓடுறப்போ அந்தக் கோடு ஆடணும்."

நாதஸ்வரத்தை மறுபடி ஓடவிட்டேன். "ஆடுது."

"அப்போ கம்ப்யூட்டர்ல தப்பில்ல. சத்தம் மானிட்டர் வரைக்கும் ஒழுங்காப் போகுது. மானிட்டர்தான் வெளிய விடல. ஹெட்போன் ஏதாச்சும் மானிட்டர்ல செருகியிருக்கா?"

"இல்ல."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, "நேத்து பூசையில மானிட்டருக்குப் பொட்டு வெச்சாச்சா?" என்று கேட்டான்.

கிண்டல் பண்ணுகிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. "வெக்காம? அது சோறு போடற சாமான். வெச்சேன்."

"எங்க?"

"முன்னாடி வெச்சா படத்தை மறைக்கும்னு பின்னாடி வெச்சேன்."

"பின்னாடின்னா, எங்க?"

மானிட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கீழே, நடுவில், பட்டாணி அளவுக்கு ஒரு குமிழ் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்ததால் நேற்று அதன்மேல்தான் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தேன். காலையில் மனைவி பொட்டையெல்லாம் துடைக்கச் சொன்னபோது ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்ததும் நான்தான். குமிழைச் சுற்றி இன்னும் காய்ந்த சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு குமிழ் இருக்கு, அது மேல," என்றேன்.

மறுமுனையில் ஒரு சத்தம். இருமுகிறான் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தான்.

"அதுதான் மானிட்டரோட சொந்த வால்யூம்! கம்ப்யூட்டர்ல எவ்வளவு ஏத்துனாலும் அங்க பூஜ்யம்னா பூஜ்யம்தான். துடைக்கிறப்போ கீழ தள்ளிட்டீங்க. இன்னிக்கு மட்டும் இது எனக்கு நாலாவது கேசு. காலையில ஒரு ஆன்டி பிரிண்டரைத் தூக்கிட்டு வந்தாங்க, பேப்பர் போற வழியில பூரா பொரி. ஒரு அண்ணே லேப்டாப் கேமராவுக்கே பொட்டு வெச்சுட்டு, மீட்டிங்ல என் முகம் தெரியலங்கறாரு. பூசைக்கு மறுநாள் கடையைப் பூட்டுனா சாமி குத்தம் ஆயிரும்."

பொரி என்றதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு முயன்றும் நிறுத்த முடியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு சிரித்தோம். பல் குத்தும் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். குமிழை மேலே தள்ளினேன். திரையில் ஒரு பட்டை தோன்றி விறுவிறுவென்று ஏறியது.

கணினியில் நூறுக்கு இழுத்து வைத்திருந்ததை நான் மறந்துபோயிருந்தேன். கச்சேரி அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளத்துக்கு வந்திருந்தது. வீடே அதிர்ந்தது. மனைவி ஈரத்துணியோடு ஓடி வந்தாள். எதிர்வீட்டு அம்மாள் நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன அங்கிள், இன்னிக்கே தாலி கட்டா? கார்த்திகைன்னுதானே பத்திரிகையில போட்டிருந்தீங்க?" என்று கத்தினார்.

நான் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தேன். கைப்பேசியில் சிரிப்பு நின்றிருந்தது. எதிர்வீட்டுக்குப் பத்திரிகை வந்துவிட்டது என்பதை அவனும் கேட்டிருப்பான். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"உனக்கும் எழுதி வெச்சிருக்கேன்," என்றேன். "மூணு வாரமா."

"தெரியும். அண்ணி சொன்னாங்க."

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "நீ அன்னிக்குப் பத்திரிகையைப் படம் புடிச்சு அனுப்பாம இருந்திருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது," என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினான்.

"அன்னிக்கு வந்தேன். தட்டோட வந்தேன். நானும் அவளும், கைக்குழந்தையோட. உங்க பிளாட்டைச் சுத்தி ஒரு மணி நேரம் சுத்தினேன், காரை வைக்க இடமே கிடைக்கல. உங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன், எடுக்கல. அண்ணி போன் அடைச்சிருந்துச்சு. பாப்பா அழுது அழுது வாந்தி எடுத்துருச்சு. ரோட்டோரமா அஞ்சு நிமிஷம் நிறுத்தினேன், போலீஸ்காரன் வந்து அபராதச் சம்மன் எழுதிட்டான். கோவத்துல திரும்பிட்டேன். அடுத்த வாரம் வரலாம், அதுவரைக்கும் நாள் தெரியட்டும்னுதான் படத்தை அனுப்பினேன். அதுக்குள்ள நீங்க குரூப்புல எழுதிட்டீங்க."

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கைப்பேசியின் சத்தத்தை அடைத்துவிட்டுத் தூங்குவது அந்த நாளில் என் வழக்கம். அந்த இரண்டு அழைப்புகளை நான் விழித்த பிறகு பார்த்திருக்க வேண்டும். பார்த்தேனா, பார்த்தும் கோபத்தில் மறந்தேனா, இப்போது நினைவில்லை.

"ஏன்டா இத்தனை நாள் சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளிடம் 'கேட்டுவிட்டுப் பேசு' என்று சொல்லிக் கொடுத்தவன் நான். வாசலில் நின்றிருந்த மனைவி, கையிலிருந்த துணியை நாற்காலியில் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க இன்னிக்கு வரோம்," என்றேன்.

"இன்னிக்கா? நாலு மணிக்கு கிளாஸ்?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

"கார்ல மட்டும் வந்துராதீங்க. இங்கயும் பார்க்கிங் கிடையாது," என்றான். குரலில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

வகுப்புக்காகத்தான் இத்தனை பாடும் பட்டது. சத்தம் வந்ததும் முதல் வேலையாக வகுப்பை ரத்து செய்தேன். மாணவர்களுக்குச் செய்தி அனுப்பிய ஒரு நிமிடத்தில் பதினோரு பேரும் ஆடும் பொம்மை, பாடும் பொம்மை எல்லாம் அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு வேகமாக ஒரு நாளும் அவர்கள் கட்டுரை அனுப்பியதில்லை.

கீழே கடையில் வெற்றிலையும் பழமும் வாங்கினோம். மனைவி தட்டை அடுக்கிப் பட்டுத் துணியால் மூடினாள். கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்தே போய்க் கிள்ளான் போகும் ரயிலில் ஏறினோம். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த மலாய்க்காரப் பெண் தட்டைப் பார்த்துக் கல்யாணமா என்று மலாயில் விசாரித்து, மகளுக்கு என்றதும் வாழ்த்துச் சொன்னார். வழியெல்லாம் நான் அவனிடம் என்ன பேசுவது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் பண்ணினேன்.

அவன் நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தான். கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறான். முன்தலை நரைத்து, தொப்பை போட்டிருந்தது. தயார் பண்ணிய வாக்கியம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவசரத்தில் தட்டை அங்கேயே நீட்டப் போனேன். மனைவி இடுப்பில் கிள்ளி, "நடுரோட்டுலயா? வீட்டுல, விளக்கு முன்னாடி," என்றாள். அவன் சிரித்துக்கொண்டே காரின் கதவைத் திறந்தான்.

"வாங்க மாமா, வாங்கக்கா," என்று அவன் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள். வீடு அழகாக இருந்தது. கை கால் கழுவ வேண்டும் என்று, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. கூடப் பிறந்தவன் வீட்டில் அந்நியனைப்போல் வழி கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

விளக்கு ஏற்றியிருந்தார்கள். நாங்கள் இருவரும் தட்டைப் பிடித்து நீட்ட, அவர்கள் இருவரும் கை நீட்டி வாங்கினார்கள்.

"உன் பொண்ணு கல்யாணம்டா. நீதான் முன்ன நின்னு நடத்தணும்."

"சரிண்ணே," என்றான்.

மதியத்திலிருந்து அத்தனை பேசியும் அவன் என்னை ஒரு தடவைகூட 'அண்ணே' என்று கூப்பிட்டிருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கும்தான். பெண்கள் இருவரும் அதைப் பார்க்காததுபோல் சமையலறைக்குப் போய்விட்டார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அறைக் கதவருகே ஒரு சின்னப் பெண் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காரில் அழுது வாந்தி எடுத்த கைக்குழந்தை. இப்போது பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாளாம். முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

"நீங்கதான் பெரியப்பாவா? அப்பா போன்ல உங்க போட்டோ இருக்கு."

"ஆமாம்மா."

"உங்க வீடு எங்க இருக்கு?"

"பிரிக்பீல்ட்ஸ்ல."

"ரொம்ப தூரமா?"

"ரயில்ல ஒரு மணி நேரம்."

என்னையும் அவள் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

தம்பிதான் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, "அவ்ளோதாம்மா," என்றான்.